போக வீடில்லாதவர்களின் கிறிஸ்துமஸ்

2005 நவம்பர் 23, புதன்கிழமை. மறுநாள் தேங்ஸ்கிவிங். வான்கோழி விருந்து முடிந்த கையோடு குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்குக் கிளம்புவார்கள் என்பதால் அமெரிக்க ஸ்டுடியோக்கள் அந்த வாரத்துக்குப் போட்டி போடும். ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் படமும், பாடகர் ஜானி கேஷின் வாழ்க்கையைச் சொன்ன 'வாக் த லைன்' படமும் முந்தைய வெள்ளிக்கிழமையே வந்து திரைகளைப் பிடித்துவிட்டன. மிச்சமிருந்த இடத்தில் 'தி ஐஸ் ஹார்வெஸ்ட்' வெளியானது. ஹெரால்ட் ரேமிஸ் இயக்கியது. ஜான் குசாக், பில்லி பாப் தார்ன்டன், கானி நீல்சன், ஆலிவர் பிளாட், ராண்டி குவெய்ட் நடித்தது. கதை முழுக்க கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவிலும் மறுநாள் காலையிலும் முடிந்துவிடுகிறது. நடக்கும் இடம் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரம்.

அந்த விச்சிட்டாவில்தான் நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். செஸ்னா, பீச்கிராஃப்ட், லியர்ஜெட் எல்லாம் அங்கேதான் விமானம் கட்டின. போயிங்கின் பெரிய தொழிற்சாலை அந்த ஆண்டு நடுவில் கைமாறி ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்று பெயர் மாறியிருந்தது. விமானப் பொறியியல் படிக்க விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் வளாகத்தைச் சுற்றியிருந்த பழைய மரவீடுகளில் கூட்டாகத் தங்குவோம். எங்கள் வீட்டுக்காரர் விமானத் தொழிற்சாலை ஒன்றில் லேத் பட்டறையில் ஆயுள் முழுக்க உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மாடியில் நானும் மதுரைக்காரன் ஒருவனும்.

படம் வரப்போகிறது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து பெரியவர் அதையே பேசிக்கொண்டிருந்தார். மூல நாவலை எழுதிய ஸ்காட் பிலிப்ஸ் விச்சிட்டாவில் பிறந்தவர். 2000இல் வந்த அவருடைய முதல் நாவல் அது. அதில் கதை நடப்பது 1979 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பெரியவருக்கு அந்த 1979 நன்றாக நினைவிருந்தது.

கதை இதுதான். சார்லி ஆர்க்லிஸ்ட் ஒரு வக்கீல். கான்சஸ் சிட்டி தாதா பில் கெரார்டுக்கு விச்சிட்டாவில் இருக்கும் தொழில்களைச் சட்டச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது அவன் பிழைப்பு. விக் என்ற கூட்டாளியோடு சேர்ந்து தாதாவின் பணம் இருபது லட்சம் டாலருக்கு மேல் எடுத்துவிட்டான். ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான் பாக்கி. ஆனால் வெளியே உறைமழை. காரை நெடுஞ்சாலையில் ஏற்ற முடியாது. விடியும்வரை ஊருக்குள்ளேயே பொழுதைக் கழிக்கவேண்டும், அதுவும் ஒன்றும் நடக்காத மாதிரி. ஒரு மதுக்கூடம், ஒரு நடன விடுதி, முன்னாள் மனைவியின் பெற்றோர் வீட்டு விருந்து, மறுபடி மதுக்கூடம் என்று அவன் சுற்றுகிறான். தாதாவின் அடியாள் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறான். நண்பன் பீட் குடித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். இந்த பீட்தான் சார்லியின் முன்னாள் மனைவியை இப்போது கட்டியிருப்பவன்.

உறைமழை என்பதை அந்த ஊரில் இருந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பனி பொழிவதை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். இது வேறு. வட துருவத்துப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று தரையை ஒட்டிப் பரவியிருக்கும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெதுவெதுப்புக் காற்று அதன் மேலே ஏறிப் போகும். மேலே மழையாக உருவாகும் துளி கீழே வரும்போது பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்துவிடும், ஆனாலும் நீராகவே இருக்கும். எதையாவது தொட்ட நொடியில்தான் உறையும். கிளை, மின்கம்பி, கார்க்கதவு, படிக்கட்டு எதுவானாலும் அதன்மேல் கெட்டியாகப் படியும். 2005 ஜனவரி முதல் வாரத்தில் விச்சிட்டாவில் அப்படி ஒரு புயல் அடித்தது. இரவெல்லாம் மரக்கிளைகள் துப்பாக்கி வெடிப்பது போல முறிந்தன. எங்கோ ஒரு டிரான்ஸ்பார்மர் வெடிக்கும்போது வானம் பச்சையாக மின்னி அணையும். ஊரில் பெரும்பகுதிக்குக் கரண்ட் இல்லை. பெரியவர் எங்களைக் கீழே கூப்பிட்டு கேஸ் அடுப்பைப் பற்றவைத்து சமையலறையில் உட்காரவைத்தார். வெளியே ஒருவரும் நடக்க முடியாது, யாரும் யாரையும் பார்க்கப் போக முடியாது. ஒவ்வொரு வீடும் தன்னந்தனியாக நின்றது.

ரேமிஸ் இந்த வானிலையை அலங்காரமாக வைக்கவில்லை, கதையின் பூட்டாகவே வைத்தார் என்பது என் முதல் மதிப்பு. வழக்கமான கிறிஸ்துமஸ் படத்தில் பனி என்றால் வெள்ளை. அது அழுக்கை மூடும், விளக்கொளியில் மினுங்கும். இந்தப் படத்தில் விழுவது கறுப்பு ஈரம். சாலை, கண்ணாடி, மனிதன் எல்லாம் வழுக்குகின்றன. நடக்கவே பயப்படும் ஊரில் ஓடிப் போகத் துடிக்கும் ஒருவன். அந்த ஒரே நிலையிலிருந்து சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் அந்த ஆண்டு விச்சிட்டாவைப் புரியவைக்க முடியாது. பிப்ரவரியில் டென்னிஸ் ரேடர் கைதானார். 1974இலிருந்து 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவர், முப்பது வருடமாகப் பிடிபடாதவர். பக்கத்துப் பார்க் சிட்டியில் நகராட்சி விதிமீறல்களைக் கவனிக்கும் ஊழியர், சாரணர் இயக்கத்தில் உதவியவர், லூத்தரன் தேவாலயம் ஒன்றின் சபைத் தலைவர். போலீஸுக்கு அவரே அனுப்பிய ஃபிளாப்பி டிஸ்க் அந்தத் தேவாலயத்துக் கம்ப்யூட்டரைக் காட்டிக்கொடுத்தது. ஆகஸ்டில் பத்து ஆயுள் தண்டனைகள், ஒன்றன்பின் ஒன்றாக. வழக்கு டிவியில் ஓடியபோது பெரியவர் ஒரு நாள் சொன்னார்: "என் மனைவி வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றமாட்டாள். நேராகப் போய் போனை எடுத்துக் காதில் வைப்பாள். டயல் டோன் வந்தால்தான் மூச்சு விடுவாள்." கொலைகாரன் முதலில் போன் வயரை அறுப்பான் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. எழுபதுகளின் இறுதியில் விச்சிட்டாப் பெண்களுக்கு அது அன்றாடப் பழக்கம். பிலிப்ஸின் நாவல் நடக்கும் காலமும் அதுதான். நாவலில் அந்தக் கொலைகாரன் கிடையாது. ஆனால் நல்ல கணவர்கள், நல்ல சபை, நல்ல புல்வெளி என்று தெரியும் ஊருக்கு அடியில் வேறொரு ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அங்கே வளர்ந்தவர் ஒருவர் எழுதினால் அது வீம்புக்கு எழுதிய இருட்டாக இருக்காது.

தேங்ஸ்கிவிங் வார இறுதியில் பெரியவரையும் அழைத்துக்கொண்டு படத்துக்குப் போனோம். அரங்கில் கூட்டம் குறைவு. முதல் பத்து நிமிடத்திலேயே அவர் முணுமுணுக்க ஆரம்பித்தார்: "இது எந்தத் தெரு? இது நம்ம ஊரே இல்லை." உண்மை. படத்தை இல்லினாயில் சிகாகோவைச் சுற்றிய ஊர்களில் எடுத்திருந்தார்கள். ரேமிஸ் சிகாகோக்காரர். டக்ளஸ் அவென்யூவும் கெலாக் சாலையும் தெரிந்த ஒருவருக்கு அது உறுத்தும்தான். ஆனால் மதுக்கூடக் காட்சிகள் வந்தபோது பெரியவர் அமைதியானார். வெளியே வந்து காருக்கு நடக்கும்போது சொன்னார்: "தெரு பொய். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நிஜம். கிறிஸ்துமஸ் ராத்திரி அந்த மாதிரி உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்."

கான்சஸில் குடிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1881இலேயே மதுவிலக்கு, 1948 வரை நீடித்தது. 1900 டிசம்பர் 27, கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், கேரி நேஷன் என்ற பெண்மணி விச்சிட்டாவின் கேரி ஹோட்டல் மதுக்கூடத்துக்குள் புகுந்து கண்ணாடியையும் படத்தையும் அடித்து நொறுக்கினார். அந்தக் கட்டடம் டக்ளஸ் அவென்யூவில் இன்னும் நிற்கிறது. விலக்கு நீங்கிய பிறகும் நெடுங்காலம் பொதுமக்களுக்குத் திறந்த மதுக்கூடம் என்று ஒன்று கிடையாது. உறுப்பினர் அட்டை வைத்திருந்தால் தனியார் கிளப்பில் குடிக்கலாம். 1986இல் அரசியலமைப்பைத் திருத்த மக்கள் வாக்களித்த பிறகுதான் அது மாறியது. ஆக 1979இல் கிளப்புகளுக்குள் சுற்றும் வக்கீல் என்றால் அந்த ஊர்க்காரருக்கு உடனே அர்த்தம் புரியும். படம் கதையை நம் காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் இழப்பு உண்டு. மூடிய கதவுக்குப் பின்னால் குடிக்கும் ஊர் என்ற அடர்த்தி போய்விட்டது.

விமர்சனங்கள் இரண்டாகப் பிளந்தன. சிகாகோ சன்-டைம்ஸில் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். பேராசை, குடி, துரோகம் இவற்றுக்கு நடுவே படம் சிரிப்பைத் தேடிப் போகும் விதம் அவருக்குப் பிடித்திருந்தது. ராட்டன் டொமேட்டோஸ் கணக்கில் பாதிக்கும் சற்றுக் குறைவான விமர்சகர்களே படத்தை ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் சொன்னவை ஏறக்குறைய ஒரே குறைகள்: காமெடி என்றால் சிரிப்பு போதவில்லை, குற்றக்கதை என்றால் பதற்றம் போதவில்லை, விரும்பத்தக்க ஆள் ஒருவரும் இல்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்து பாராட்டியது ஆலிவர் பிளாட்டின் பீட்டை. 1 கோடியே 60 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க ஒரு கோடியை ஒட்டித்தான் சம்பாதித்தது.

இந்தப் பிளவுக்குப் பாதிக் காரணம் படத்துக்கு வெளியே இருந்தது. இரண்டு வருடம் முன்பு, 2003இல், 'பேட் சான்டா' வந்திருந்தது. டெர்ரி ஸ்விகாஃப் இயக்கிய அந்தப் படத்தில் பில்லி பாப் தார்ன்டன் குடிகாரத் திருட்டுச் சான்டாவாக வந்தார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. அது ஓடியது. மறுபடி தார்ன்டன், மறுபடி கிறிஸ்துமஸ், மறுபடி திருட்டு என்றதும் இதையும் அதே சரக்காகத்தான் விற்றார்கள். 'பேட் சான்டா' எவ்வளவு ஆபாசமாகப் பேசினாலும் அதற்குள் ஒரு பழைய கிறிஸ்துமஸ் கதை பத்திரமாக இருக்கிறது: யாருமற்ற குண்டுப் பையன் ஒருவனிடம் அந்தக் குடிகாரன் கடைசியில் ஈரம் காட்டுகிறான். டிக்கன்ஸின் ஸ்க்ரூஜ் 1843இல் போட்ட பாதை அது. இரவு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் விடிந்ததும் மனம் திருந்தியிருக்கவேண்டும். ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் பாலத்தில் நின்று சாகத் துணிந்தவன்கூட விடிவதற்குள் வீடு திரும்பி மரத்தடியில் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறான். அமெரிக்கப் பார்வையாளர்கள் கிறிஸ்துமஸ் கதையில் இருட்டை மறுப்பவர்கள் அல்ல. அதற்கு வட்டியோடு வெளிச்சம் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான்.

'ஐஸ் ஹார்வெஸ்ட்' அந்த வட்டியைக் கொடுக்கவில்லை. கொடுக்காதவர் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். ரேமிஸ் 1993இல் 'கிரவுண்ட்ஹாக் டே' எடுத்தவர். தன்னலம் பிடித்த ஒரு வானிலை அறிவிப்பாளன் சின்ன ஊரில் மாட்டிக்கொள்கிறான், ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது, அவன் நல்லவனாகும்வரை அந்த நாள் அவனை விடுவதில்லை. உலகம் முழுக்க மதபோதகர்களும் தத்துவ ஆசிரியர்களும் எடுத்துப் பேசிய படம். அதே மனிதர் பன்னிரண்டு வருடம் கழித்து அதே பனிக்காலம், அதே மாதிரி தப்ப முடியாத ஊர், அதே மாதிரி தன்னையே வெறுக்கும் ஆள் என்று எடுத்துக்கொண்டு, இவனுக்கு ஒரே ஒரு இரவுதான் என்கிறார். ஒத்திகை கிடையாது. பிழையைத் திருத்த மறுநாள் கிடையாது. விமர்சகர்கள் சிலர் இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது முதிர்ச்சியாகத்தான் படுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்க்கை ஒரே இரவாகத்தான் கிடைக்கிறது என்று ஒரு காமெடி இயக்குநர் அறுபது வயதில் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

திரைக்கதை எழுதியவர்களைப் பார்த்தாலும் இது தெரியும். ஒருவர் ரிச்சர்ட் ரூஸோ. நலிந்துபோன சிறுநகரம் ஒன்றின் கதையான 'எம்பயர் ஃபால்ஸ்' நாவலுக்காக 2002இல் புலிட்சர் பெற்றவர். இன்னொருவர் ராபர்ட் பென்டன். விவாகரத்தில் நடுவே அகப்படும் ஒரு பிள்ளையைப் பற்றி 'கிராமர் வெர்சஸ் கிராமர்' எடுத்தவர். இந்த இருவர் கையில் கிறிஸ்துமஸ் விருந்துக் காட்சி வெறும் குடிகாரக் கூத்தாக முடிய வாய்ப்பில்லை. சார்லியும் பீட்டும் அழைக்காமலே அந்த வீட்டுக்குள் நுழைகிறார்கள். மேசை நிறைய உணவு, முறையாக உடுத்திய பெரியவர்கள், சார்லியின் பிள்ளைகள். பீட் வாய்க்கு வந்ததைப் பேசுகிறான், மானம் போகிறது, அரங்கில் சிரிப்பு எழுகிறது. சார்லியின் மகன் தகப்பனைப் பார்க்கும் பார்வையில் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒரு பெண், இரண்டு கணவர்கள், இருவருக்கும் அந்த வீட்டில் இடமில்லை. ஒருவன் வெளியேற்றப்பட்டவன், மற்றவன் உள்ளே இருந்தும் வெளியேறத் துடிப்பவன். இந்தக் காட்சிக்காகவே இந்தப் படத்தை அவல நகைச்சுவை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். சிரித்த வாய் மூடுவதற்குள் துக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. கானி நீல்சன் செய்த ரெனாட்டா பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களின் மோகினியை அப்படியே இறக்கிவைத்த பாத்திரம். அவளுக்கென்று ஒரு மனம் எழுதப்படவில்லை. கடைசி அரைமணியில் பிணங்கள் விழும் வேகத்துக்குக் கதை ஈடுகொடுக்கவில்லை. அடியாளைப் பெட்டிக்குள் வைத்து ஏரிக்குக் கொண்டுபோகும் பகுதி மட்டும் விதிவிலக்கு. பெட்டிக்குள்ளிருந்தே அவன் பேச்சுக் கொடுத்து சார்லியையும் விக்கையும் ஒருவரையொருவர் சந்தேகப்பட வைக்கிறான். முகமே தெரியாத குரல் அந்தக் காரையே ஆட்டிவைக்கிறது.

அந்த வருடம் டிசம்பர் 24 இரவு வளாகம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. உணவுக்கூடம் இல்லை, நூலகம் இல்லை. ஊரிலிருந்த கடைகள் மாலையே மூடிவிட்டன. பெரியவரை அவருடைய மகள் டெக்சஸுக்கு அழைத்துப் போயிருந்தாள். மதுரைக்காரனும் நானும் பால் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு சுற்றி, கடைசியில் திறந்திருந்த ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். உள்ளே காபி மெஷின் பக்கத்தில் சிலர் நின்றிருந்தார்கள். ஒரு லாரி டிரைவர், ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு பெண், வாங்க ஒன்றுமில்லாமல் வெறுமனே நின்ற ஒரு வயதானவர், கவுண்டரில் சிவப்புத் தொப்பி போட்ட பையன். யாரும் கிளம்பவில்லை. நாங்களும் பாலை எடுத்துக்கொண்டு, காபியும் வாங்கி, அங்கேயே நின்றோம். "மாப்ள, அந்தப் படத்துல இவங்களத்தான்டா எடுத்திருக்கான்" என்றான் அவன். அந்தச் சமயத்தில் எங்கள் இருவருக்கும் படத்தை விமர்சகர்கள் எவரை விடவும் நன்றாகத் தெரிந்திருந்தது. கிறிஸ்துமஸ் படங்கள் எல்லாம் வீட்டை நோக்கிப் போகின்றன. அன்று இரவு போக வீடில்லாமல் விழித்திருப்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு படம் எடுத்தவரிடம் போய் ஏன் மனம் நெகிழவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

ரேமிஸ் 2014 பிப்ரவரி 24 அன்று காலமானார். நான் படித்த இரங்கல் கட்டுரைகள் எல்லாவற்றிலும் 'கேடிஷாக்' இருந்தது, 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' இருந்தது, 'கிரவுண்ட்ஹாக் டே' இருந்தது. 'ஐஸ் ஹார்வெஸ்ட்' ஒன்றிரண்டில் பெயராக மட்டும் வந்துபோனது. மனம் பொறுக்காமல் சியாட்டிலில் இருந்த மதுரைக்காரனுக்குப் போன் போட்டேன். அவன் இடையில் நாவலையும் படித்திருந்தான். பேச்சு முடிவைப் பற்றித் திரும்பியது. நாவலில் எல்லாவற்றிலிருந்தும் தப்பிய சார்லி கடைசியில் ஒரு அற்ப விபத்தில் செத்துப்போகிறான். படத்தில் பிழைத்து, பீட்டையும் கூட்டிக்கொண்டு, காலை வெயிலில் ஊரை விட்டுப் போகிறான். அவன் சாகும் மாற்று முடிவையும் எடுத்து டிவிடியில் சேர்த்திருந்தார்கள்.

"நாவல் முடிவுதான்டா சரி. இத்தனை பேரைக் கொன்ன ராத்திரிக்கு அப்புறம் இவன் மட்டும் எப்படிப் பொழைக்கலாம்? பயந்துட்டாரு டைரக்டர்."

நான் மறுத்தேன். சார்லி திருந்தவில்லை, பிள்ளைகளிடம் போகவில்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை. பிழைத்தது பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆனால் அந்தக் காரில் பீட் இருக்கிறான். அந்த ஒரு இரவில் யாரும் யாரையும் காப்பாற்றாத ஊரில், ஒருவன் தன் முன்னாள் மனைவியைக் கட்டியவனையே ஏற்றிக்கொண்டு போகிறான்.

"நீ ரேமிஸ் செத்த துக்கத்துல பேசுற."

"இல்லடா, பீட்டுக்காகப் பேசுறேன். அவன் அன்னைக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தா செத்திருப்பான்."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் படத்தை மறுபடி பார்த்துவிட்டு மற்றவருக்குப் போன் செய்கிறோம், வாதம் அதே இடத்திலிருந்து தொடங்குகிறது.